வெள்ளைக்குக் கூட்டு, கறுப்புக்குக் குறை: எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைக் கையாளும் முறை

எக்ஸ்போஷர் காம்பன்சேஷனுக்கு, அதாவது கேமரா தானாகக் கணக்கிடும் ஒளியளவை நாம் கூட்டிக்குறைக்கும் வசதிக்கு, முழு விளக்கம் சொல்வதற்கு முன்னால், கேமராவை எடுத்து ஒரு சிறிய சோதனையைச் செய்து பார்த்துவிடுவது நல்லது. ஒரு வெள்ளைத் தாள், ஒரு சாம்பல் நிற அட்டை, ஒரு கறுப்புத் துணி ஆகிய மூன்றையும், நேர் வெயில் படாமல் வெளிச்சம் சீராக விழும் ஓர் இடத்தில் அடுத்தடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மோடு டயலை அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) முன்னுரிமைக்கு, அதாவது ‘ஏ’ அல்லது ‘ஏவி’ என்று குறித்திருக்கும் இடத்திற்குத் திருப்பி, ஒவ்வொரு பொருளும் சட்டகம் முழுவதையும் நிறைக்கும் அளவுக்கு நெருங்கிச் சென்று தனித்தனியாக ஒரு படம் எடுங்கள். வெறும் பரப்பின்மீது ஆட்டோஃபோகஸ் தடுமாறும் என்பதால் மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிக்கொள்ளலாம். படம் தெளிவில்லாமல் இருந்தாலும் இந்தச் சோதனைக்குக் குறையில்லை. உங்கள் நிழல் மட்டும் பொருளின்மீது விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று படங்களையும் திரையில் அடுத்தடுத்துப் பார்த்தால், தாள் வெள்ளையாக இருக்காது, துணி கறுப்பாக இருக்காது. மூன்றும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும். கேமரா பழுதாகிவிடவில்லை. தனக்கு இடப்பட்ட வேலையை அது சரியாகவே செய்திருக்கிறது.

கேமராவுக்குள் இருக்கும் மீட்டர், பொருளின்மீது விழும் ஒளியை அளப்பதில்லை. பொருளில் பட்டுத் திரும்பி லென்ஸுக்குள் வரும் ஒளியையே அளக்கிறது. அதிகமான ஒளி திரும்பி வந்தால், அங்கே வெயில் கடுமையாக இருக்கிறதா, அல்லது பொருளே வெள்ளை நிறமா என்று பிரித்தறிய அதற்கு வழியில்லை. ஆகவே, எதிரில் இருக்கும் காட்சி சராசரியாகச் சுமார் 18 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டு, அது படத்திலும் நடுத்தரச் சாம்பலாகவே விழும்படி கணக்கிடுகிறது. புல்வெளி, காய்ந்த மண், கருங்கல் தரை போன்றவை இந்த அனுமானத்திற்கு ஓரளவு பொருந்தி வருவதால், அவற்றில் நாம் எதையும் தொடவேண்டியிருப்பதில்லை. நல்ல வெள்ளைத் தாளோ ஏறத்தாழ 90 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அது நடுத்தரச் சாம்பலைப்போல் ஐந்து மடங்கு. புகைப்படக் கணக்கில் ஒளி இரு மடங்காவது ஒரு ஸ்டாப் என்பதால், இது இரண்டு ஸ்டாப்புக்குச் சற்று அதிகம். அந்த இரண்டு ஸ்டாப்பைக் கேமரா தானாக வெட்டிவிடுவதால்தான் தாள் அழுக்கேறியதுபோல் தெரிகிறது.

இப்போது தாளை மறுபடியும் சட்டகத்தில் நிறைத்து, எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +2 என்று வைத்து எடுங்கள் (பொத்தான் எங்கே என்பதைப் பின்னால் சொல்கிறேன்). தாள் தாளாகத் தெரியும். துணிக்கு −2 வைத்து எடுங்கள், துணி கறுப்பாகும். ‘இது வெள்ளை, இது கறுப்பு’ என்று கேமராவுக்கு நாம் எடுத்துச்சொல்வதுதான் இந்தத் திருத்தத்தின் வேலை. புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தலைகீழாகப் போகிறார்கள்: வெள்ளையான காட்சி ஏற்கெனவே கண்ணைக் கூசுகிறதே, இன்னும் கூட்டினால் என்னவாகும் என்று அஞ்சிக் குறைத்துவிடுகிறார்கள். பனி மூடிய மலைப்படங்களில் பனி மங்கிய நீலச்சாம்பலாகக் கிடப்பதற்கு மிகப் பெரும்பாலும் இதுவே காரணம்.

எண்களின் பொருள்

அளவுகோலில் காணும் 1 என்பது ஒரு ஸ்டாப், அல்லது ஒரு ஈவி. +1 என்றால் சென்சாருக்கு இரு மடங்கு ஒளி. +2 என்றால் நான்கு மடங்கு. −1 என்றால் பாதி. பெரும்பாலான கேமராக்களில் டயலின் ஒரு சொடுக்கு மூன்றில் ஒரு ஸ்டாப்பாக இருக்கும் என்பதால் 0.3, 0.7, 1 என்று ஏறும். அரை ஸ்டாப்பாக மாற்றிக்கொள்ளும் வசதி மெனுவில் பல மாதிரிகளில் இருக்கிறது. ஆனால் மூன்றில் ஒன்றையே வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து, ஏனெனில் முகத்தின் நிறத்தில் மூன்றில் ஒரு ஸ்டாப்பின் வேறுபாடுகூடக் கண்ணுக்குத் தெரியும்.

உண்மையில் எது மாறுகிறது?

இதைப் ‘படத்தை வெளிச்சமாக்கும் பொத்தான்’ என்று மட்டும் நினைத்துக்கொண்டால், வெளிச்சம் சரியாக இருந்தும் படம் ஆடிப்போய் வரும் நாள் ஒன்று வந்தே தீரும். ஒளியளவை மாற்ற அப்பர்ச்சர், ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே விழும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) என்ற மூன்று வழிகள்தான் உண்டு. காம்பன்சேஷன் நான்காவது வழியன்று. நீங்கள் பிடித்துவைத்திருப்பதை விட்டுவிட்டு, கேமராவின் பொறுப்பில் இருப்பதையே அது நகர்த்துகிறது.

ஜன்னலுக்கு முன்னால் ஒருவர் அமர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்பர்ச்சர் முன்னுரிமையில் எஃப்/2.8, ஐஎஸ்ஓ 400 என்று நீங்கள் வைத்திருக்க, ஜன்னலின் வெளிச்சத்தைக் கண்டு மிரண்ட மீட்டர் 1/500 நொடி என்கிறது. அப்படியே எடுத்தால் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் மரம் அழகாகவும் முகம் இருண்டும் வரும். டயலை ஐந்து சொடுக்கு கூட்டல் பக்கம் திருப்புங்கள். வியூஃபைண்டரின் அடியில் ஷட்டர் வேகம் 1/400, 1/320, 1/250, 1/200 என்று இறங்கி 1/160-இல் நிற்பதையும், அளவுகோல் +1.7 காட்டுவதையும் காணலாம். முகம் தெளிந்துவிடும், ஜன்னல் வெளுத்துப்போகும். இரண்டையும் ஒரே படத்தில் காப்பாற்ற வேண்டுமானால் ஃப்ளாஷோ வெளிச்சத்தைத் திருப்பும் வெள்ளைப் பலகையோ தேவை. காம்பன்சேஷனால் அது முடியாது, ஏனெனில் அது காட்சி முழுவதையும் ஒருசேர ஏற்றும் அல்லது இறக்கும்.

இதே காட்சியை ஷட்டர் முன்னுரிமையில் 1/500 என்று பிடித்துவைத்து எடுத்தால், கேமரா அப்பர்ச்சரைத் திறக்கப் பார்க்கும். லென்ஸின் அதிகபட்சத் திறப்பே எஃப்/2.8 என்றால் அதற்குமேல் போக வழியில்லை. எண் மினுங்கி எச்சரிக்கும், நீங்கள் +1.7 வைத்தும் படம் இருட்டாகவே வரும். தானியங்கி ஐஎஸ்ஓ இயங்கிக்கொண்டிருந்தால் அது 400-இலிருந்து 1250-க்கு ஏறி ஈடுகட்டும். அப்பர்ச்சர் முன்னுரிமையிலும் இதேபோன்ற ஒரு கண்ணி உண்டு. மங்கிய அறையில் 1/60 காட்டிக்கொண்டிருக்கும்போது +2 வைத்தால் ஷட்டர் வேகம் 1/15-க்கு இறங்கிவிடும். கையில் பிடித்து எடுக்கும்போது, எதிரில் இருப்பவர் சற்றே அசைந்தாலும் படம் கலைந்துவிடும். ஆகவே கூட்டல் பக்கம் திருப்பும் ஒவ்வொரு முறையும் அளவுகோலைப் பார்த்த கண், ஷட்டர் எண்ணையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

முழு மேனுவல் மோடில் ஐஎஸ்ஓவையும் நீங்களே நிர்ணயித்துவிட்டால் கேமராவின் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை; அங்கே காம்பன்சேஷனுக்கு வேலையில்லை. மேனுவலில் ஐஎஸ்ஓவை மட்டும் தானியங்கியாக விட்டால் பல புதிய கேமராக்களில் காம்பன்சேஷன் ஐஎஸ்ஓவை ஏற்றி இறக்கும். பறவை, விளையாட்டுப் போன்றவற்றை எடுப்பவர்கள் இந்த ஏற்பாட்டை விரும்புவதற்குக் காரணம், அப்பர்ச்சரும் ஷட்டர் வேகமும் தாங்கள் வைத்த இடத்திலேயே நிற்பதுதான். பச்சை நிறத்தில் குறித்திருக்கும் முழுத் தானியங்கி மோடில் பல கேமராக்கள் இந்தத் திருத்தத்தை அனுமதிப்பதே இல்லை. பொத்தான் வேலை செய்யவில்லை என்று தோன்றினால் முதலில் மோடு டயலைப் பாருங்கள்.

பொத்தான் எங்கே இருக்கிறது?

பாதி வெள்ளை, பாதி கறுப்பான சிறு சதுரத்தில் கூட்டல், கழித்தல் குறிகள் இருக்கும், அதுதான் அடையாளம். நிக்கானில் அது பெரும்பாலும் ஷட்டர் பொத்தானுக்கு அருகில் இருக்கும்; அதை அழுத்திப் பிடித்தபடி பின்புற டயலைச் சுழற்ற வேண்டும். கேனனின் நடுத்தர, உயர்நிலை மாதிரிகளில் ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி, மீட்டர் விழித்துக்கொண்டதும் பின்புறச் சக்கரத்தைத் திருப்பினால் போதும். ஒரே டயல் உள்ள தொடக்கநிலை மாதிரிகளில் ‘ஏவி’ என்று எழுதிய பொத்தானை அழுத்திக்கொண்டு திருப்ப வேண்டும். ஃபூஜிஃபிலிம், சோனி நிறுவனங்களின் பல மாதிரிகளில் −3 முதல் +3 வரை எண்கள் பொறித்த தனி டயலே வலது தோளில் இருக்கிறது. கேமராவை முடுக்காமலேயே அளவைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்பதால் எனக்கு இந்த ஏற்பாடே பிடித்தமானது. பையிலிருந்து எடுக்கும்போது டயல் தானாக உருண்டுவிடும் என்பது அதன் குறை. சில பழைய நிக்கான் மாதிரிகளில் அளவுகோலின் இடப்புறத்தில்தான் கூட்டல் இருக்கும், ஆகவே வலப்புறம் என்றால் கூட்டல் என்று கையை மட்டும் நம்பிவிடக் கூடாது. கைப்பேசியில் திரையைத் தொட்டு ஃபோகஸ் செய்ததும் தோன்றும் சூரியக் குறியை மேலும் கீழும் இழுப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

எவ்வளவு கூட்டுவது, எவ்வளவு குறைப்பது

எண்களை மனப்பாடம் செய்வதைவிட, சட்டகத்தில் எந்த நிறம் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று பார்ப்பதே நம்பத்தக்க வழி. இதற்கு நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு வெள்ளைக் கொக்கு. கொக்கு வெளிர்வானத்தைப் பின்புலமாகக் கொண்டு பறந்தால், சட்டகம் முழுவதும் வெளிச்சம். மீட்டர் எல்லாவற்றையும் சாம்பலாக்க முயலும். ஆகவே +1 அல்லது +1.3 தேவைப்படும். அதே கொக்கு மர நிழல் விழுந்த கரிய நீரில் நின்றால், சட்டகத்தின் பெரும்பகுதி இருள்; மீட்டர் நீரை வெளிச்சமாக்கப் போய்க் கொக்கின் இறகுகளை வெறும் வெள்ளைத் திட்டாக்கிவிடும்; இப்போது தேவை −1 அல்லது அதற்கும் கீழே. பறவை அதே பறவைதான், வெயிலும் அதே வெயில்தான். திருத்தத்தின் குறி மட்டும் எதிரெதிராக மாறிவிட்டது. பொருளின் நிறத்தை மட்டும் பார்த்து ‘வெள்ளைக்குக் கூட்டு’ என்ற விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தினால் இரண்டாவது படம் பாழாகியிருக்கும். அந்த விதி, நிறம் சட்டகத்தை நிறைக்கும்போது மட்டுமே செல்லும்.

கொக்கு பறந்துகொண்டே வானத்திலிருந்து மரங்களுக்கு முன்னால் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி எழும். நொடிக்கு நொடி டயலைச் சுழற்றிக்கொண்டிருக்க முடியாது. வெயில் மாறாத வேளைகளில், ஒருமுறை சரியான அளவைக் கண்டுபிடித்ததும் அதை முழு மேனுவலில் வைத்துப் பூட்டிவிடுவதே எளிது. பின்புலம் எத்தனை முறை மாறினாலும் கொக்கின்மீது விழும் வெயில் மாறப்போவதில்லை.

மற்ற சூழல்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். வெயிலில் மின்னும் பனிக்கும் வெண்மணல் கடற்கரைக்கும் +1 முதல் +2 வரை. மூடுபனிக்கு +1-ஐ ஒட்டி. முகத்துக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால் +1-இல் தொடங்கலாம். கறுப்பு நாய் சட்டகத்தை நிறைத்தால் −1 முதல் −1.7 வரை, அதற்கும் கீழே போனால் மயிரின் இழைகள் இருளில் மூழ்கிவிடும். இருண்ட மேடையில் ஒருவர்மீது மட்டும் ஒளிவட்டம் விழும்போது −1 முதல் −2 வரை இறக்காவிட்டால் முகம் சுட்டெரித்ததுபோல் வெளுத்துவிடும். சூரிய அஸ்தமனத்தில் −0.7 அல்லது −1 வானத்தின் நிறத்தை அடர்த்தியாக்கும். இரவு வானத்தில் முழுநிலவை எடுக்கக் காம்பன்சேஷனோடு போராடுவது வீண். நிலவு வெயிலில் இருக்கும் பாறை என்பதை நினைவில் கொண்டு மேனுவலுக்குப் போய்விடுங்கள்.

இவை எல்லாம் தொடக்கப் புள்ளிகள் மட்டுமே. சட்டகத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து அளந்து காட்சியை ஊகிக்கும் மீட்டர் 1983-இல் நிக்கான் எஃப்ஏ கேமராவில் ஐந்து பகுதிகளோடு வந்தது. இன்றைய கேமராக்கள் அதைவிடப் பன்மடங்கு பகுதிகளைப் பார்க்கின்றன, பல மாதிரிகள் முகத்தையும் அடையாளம் காண்கின்றன. அதனால் நீங்கள் சொல்வதற்கு முன்பே கேமரா ஓரளவு திருத்திவிட்டிருக்கக்கூடும். அதன்மேல் நீங்களும் +2 வைத்தால் மிகையாகிவிடும். ஸ்பாட் மீட்டரிங்கில் இந்த ஊகவேலை இல்லை. அது சுட்டிய இடத்தை மட்டும் அளக்கும் என்பதால் கணக்கு துல்லியமாகப் பொருந்தும். அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை ஸ்பாட் மீட்டரால் அளந்து ஏறத்தாழ +1 வைப்பது பழைய, பயனுள்ள உத்தி. தோலின் நிறம் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறினாலும் உள்ளங்கை அந்த அளவுக்கு மாறுவதில்லை. உங்கள் கைக்கு அது +1-ஆ, +0.7-ஆ என்பதைச் சாம்பல் அட்டையோடு ஒருமுறை ஒப்பிட்டுக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

சரியாக வந்ததா என்று பார்ப்பது

பின்புறத் திரையில் படம் எப்படித் தெரிகிறது என்பதைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். இருட்டில் திரை மிகையாக ஒளிரும். வெயிலில் எல்லாமே மங்கலாகத் தெரியும். படத்தில் இருளும் வெளிச்சமும் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் இடக்கோடி முழு இருள், வலக்கோடி முழு வெண்மை. குன்று வலக்கோடிச் சுவரில் மோதி ஏறி நின்றால் அந்தப் பகுதிகளில் விவரம் போய்விட்டது என்று பொருள். பனிக்காட்சியின் குன்று நடுவில் நின்றால் அது குறைந்த எக்ஸ்போஷர். வலப்புறம் நகர்ந்து, சுவரைத் தொடாமல் நிற்க வேண்டும். வெளுத்துப்போன இடங்கள் மினுங்கும்படி காட்டும் எச்சரிக்கையை மெனுவில் இயக்கிவிட்டால் இன்னும் எளிது: மினுங்கும் இடம் சூரியனாகவோ விளக்காகவோ இருந்தால் விட்டுவிடலாம், கன்னமாகவோ வெள்ளை உடையின் மடிப்பாகவோ இருந்தால் ஒன்றிரண்டு சொடுக்கு குறைத்து மறுபடியும் எடுங்கள். டிஜிட்டல் சென்சாரில் முற்றிலும் வெளுத்த இடத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, ஆனால் இருண்ட பகுதியை, குறிப்பாக ரா கோப்பில் (சென்சாரின் தரவைப் பதப்படுத்தாமல் சேமிக்கும் கோப்பு), ஓரளவு தூக்கிவிடலாம். ரா எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் பொதுவாக ஜேபெக் வடிவத்தை ஒட்டியது என்பதால், மினுங்கும் பகுதியில் ரா கோப்புக்குள் இன்னும் கொஞ்சம் விவரம் மிச்சம் இருக்கக்கூடும்.

மிரர்லெஸ் கேமராவில் டயலைத் திருப்பும்போதே வியூஃபைண்டருக்குள் படம் வெளுப்பதும் இருள்வதும் தெரியும். தெரியவில்லையென்றால், அமைப்புகளின் விளைவைத் திரையில் காட்டும் வசதி அணைந்திருக்கிறது என்று பொருள். எஸ்எல்ஆரின் ஒளியியல் வியூஃபைண்டரில் இந்த மாற்றம் தெரியவே தெரியாது. அங்கே அளவுகோலும், எடுத்த பிறகு பார்க்கும் ஹிஸ்டோகிராமும்தான் துணை.

வழக்கமாகத் தவறும் இடங்கள்

−1 வைத்தும் படம் வெளிச்சமாகவே வருகிறது என்றால், நிழல்களைத் தானாகத் தூக்கிவிடும் வசதியைச் சந்தேகியுங்கள். கேனனில் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர், நிக்கானில் ஆக்டிவ் டி-லைட்டிங், சோனியில் டிஆர்ஓ என்று அதற்குப் பெயர். நீங்கள் வேண்டுமென்றே இருட்டாக்கியதை அது பிழை என்று எண்ணி ஜேபெக்கில் திருத்திவிடக்கூடும். ஃப்ளாஷின் ஒளியைக் கூட்டிக்குறைக்கத் தனியாக ஒரு காம்பன்சேஷன் இருக்கிறது, ஃப்ளாஷ் சின்னத்தோடு கூடிய கூட்டல்கழித்தல் குறி அதன் அடையாளம். முகம் மட்டும் வெளுத்துப் பின்புலம் சரியாக இருந்தால் தொடவேண்டியது அதைத்தான்.

எல்லாவற்றிலும் அதிகமாக நடக்கும் தவறு, வைத்த எண்ணை மறந்துவிடுவது. பல கேமராக்கள் அணைத்து முடுக்கினாலும் பழைய எண்ணையே வைத்திருக்கும். ஒருநாள் மாலை மேடை நிகழ்ச்சிக்காக −2 வைத்துவிட்டு, மறுநாள் விடியலில் ஏரிக்கரையில் இருநூறுக்கும் மேற்பட்ட படங்களை அதே எண்ணில் எடுத்து வந்திருக்கிறேன். வானம் வெளுக்கவில்லை என்பதால் திரையில் பார்த்தபோது ‘விடியலின் மென்வெளிச்சம்’ என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். கணினியில் திறந்தபோதுதான் வியூஃபைண்டரின் மூலையில் அவ்வளவு நேரமும் அந்த எண் தெரிந்துகொண்டிருந்திருக்கும் என்பது உறைத்தது. ரா கோப்புகள் என்பதால் பாதியை மீட்டேன். நிழல்களில் புள்ளிப்புள்ளியாக ஏறிய இரைச்சலை மீட்க முடியவில்லை.

அதற்குப் பிறகு, கேமராவைப் பையில் வைப்பதற்கு முன் டயலைப் பூஜ்யத்துக்குத் திருப்புகிறேன். பையிலிருந்து எடுத்ததும், லென்ஸ் மூடியைக் கழற்றும் கையோடு அளவுகோலை மறுபடியும் பார்க்கிறேன். சில நிக்கான் மாதிரிகளில், பொத்தானை அழுத்தாமல் டயலால் மட்டும் வைத்த திருத்தம் கேமரா அணைந்ததும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும்படி அமைத்துக்கொள்ள ‘ஈஸி எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்’ என்ற தேர்வு இருக்கிறது. மறதிக்காரர்கள் மெனுவில் அதைத் தேடிப் பார்க்கலாம்.